ஞானேஸ்வரியின் நாக்கு

ஒடென்சே நகரின் ஓரத்தில் இருக்கும் மயோனைஸ் தொழிற்சாலையின் வாசல் மண்டபத்தில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கி, கையில் சின்னக் கரண்டி, முகத்தில் கலியாண வீட்டுச் சிரிப்பு. கீழே குலேந்திரன் என்ற பெயரும், அதற்குக் கீழே டேனிஷில் 'எங்கள் நாக்கு' என்ற வரியும் இருக்கும். படத்தில் நிற்பவர் குலேந்திரன்தான். நாக்குத்தான் அவருடையதல்ல. ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்தத் தொழிற்சாலையின் நாக்கு அவருடைய மனைவி ஞானேஸ்வரியின் வாயில் இருந்தது. இது அவர்கள் இருவரையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. அவள் அந்த நாக்கை ஆறே ஆறு நாள் கட்டிவைத்தாள். அந்த ஆறு நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஞானேஸ்வரிக்கு வயது ஐம்பத்தேழு. கலியாணம் பேசி வந்து இறங்கிய நாளிலிருந்து ஒடென்சேதான். நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை: காலையில் சைக்கிளில் ஏறினால் பிற்பகலுக்குள் ஆறேழு முதியவர்களின் வீட்டுக்குப் போய், எழுப்பி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, பாண் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். அதிகம் கதைக்கமாட்டாள். கோபம் வந்தால் அதுவும் இல்லை, குசினிப் பாத்திரங்கள் அவளுக்காகக் கதைக்கும். வீடு வீடாகப் போய்ப் பிரிட்ஜ்களைத் திறந்து திறந்து அவள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். ஒருவரின் பிரிட்ஜில் எந்த மூடி போட்ட மயோனைஸ் போத்தல் இருக்கிறது என்று பார்த்தால் போதும், அவர் எந்தக் கரையில் பிறந்தவர் என்று சொல்லிவிடுவாள்.

இது விளங்க வேண்டுமென்றால் தேசப்படம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒடென்சே இருக்கிற ஃபூன் தீவு இரண்டு பாலங்களுக்கு நடுவில் கிடக்கிறது. மேற்குப் பாலத்தைத் தாண்டினால் யூலண்ட். கிழக்குப் பாலத்தைத் தாண்டினால் சீலண்ட், கோபன்ஹேகன். நடுவில் இருப்பதால் தொழிற்சாலை இரண்டு பக்கத்துக்கும் மயோனைஸ் அனுப்பியது. மேற்கே போவதற்கு நீல மூடி: தடிப்பு, கொஞ்சம் இனிப்பு. கிழக்கே போவதற்குச் சிவப்பு மூடி: வினாகிரி தூக்கலான புளிப்பு, பின்னால் கடுகின் கடி. நீல மூடிக்காரருக்குச் சிவப்பு என்றால் போத்தல் கழுவிய தண்ணீர். சிவப்பு மூடிக்காரருக்கு நீலம் என்றால் குழந்தைப்பிள்ளைச் சாப்பாடு. ஃபூன்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று நியாயம் பேசிக்கொண்டு அலுமாரிக்குள் ஒன்றை ஒளித்துவைத்திருப்பார்கள்.

டேனிஷ்காரராவது வாயோடு விட்டுவிடுவார்கள். எங்கள் சனம் விடுமா? அகதியாக வந்தபோது அரசாங்கம் யாரை எந்த ஊரில் இறக்கிவிட்டதோ, அந்த ஊரின் மயோனைஸுக்காக இன்று உயிரை விடுவார்கள். யூலண்டிலிருந்து கலியாணத்துக்கு வருகிற ஆள் ரோல்ஸுக்குத் தொட்டுக்கொள்ள நீல மூடிப் போத்தலைக் காரில் போட்டுக்கொண்டு வருவார். மகள் நிரோஜினியை கோபன்ஹேகன் பக்கத்து டோஸ்ட்ருப் மாப்பிள்ளை கபிலனுக்கு நிச்சயம் பண்ணிய அன்று, நல்ல நேரம், சீர், மண்டபம் எல்லாம் சிரித்த முகத்தோடு முடிந்தது. உருளைக்கிழங்குச் சலாட் வந்ததும் சம்பந்தியம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இதற்கு ஏன் சீனி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மூன்று மாதம் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் புகைந்தது. குலேந்திரன் மட்டும் நடுவில் நீதவான் மாதிரி நின்று, "ரண்டும் எங்கடை பிள்ளையள்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்படிச் சொல்லலாம். தொழிற்சாலையில் மயோனைஸ் தாங்கி கழுவுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த மூன்றாம் வருடம் ஒருநாள், எண்ணெய் பிழை என்றார். ருசி பார்க்கும் டேனிஷ்காரர் இருவரும் இல்லை என்றார்கள். சோதித்துப் பார்த்தால் எண்ணெய் காறிப்போய்த்தான் இருந்தது. அன்றைக்குத் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தவர் கரண்டியைக் கையில் எடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கரண்டி அவர் கையை விட்டுப் போகவில்லை. ஊருக்குள் அவருக்கு மயோனைஸ் குலேந்திரன் என்று பெயர். முன்னால் சொன்னால் சிரிப்பார். பின்னால் சொன்னாலும் அவருக்குப் பெருமைதான்.

போன வருடம் மாசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் போனது, போகும்போது மூக்கின் மணத்தையும் கொண்டுபோனது. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும்தான். ஞானேஸ்வரி அதைக் கண்டுபிடித்தது ஒரு மீன்குழம்பில். மூன்று நாள் பழசாகிப் பழுதாய்ப் போனதைக் கொட்டுவதற்கு எடுத்துவைத்திருந்தாள். அவர் அதைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் விடும் என்று கேட்டார். அவள் அகப்பையோடு நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே அழுதார்.

தொழிற்சாலையில் சொல்லுங்கோ என்று அவள் சொன்னாள். சொன்னால் திரும்பவும் தாங்கி கழுவ விடுவார்கள் என்றார் அவர். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, படத்தைக் கழற்றுவார்கள், சனம் என்ன சொல்லும் என்றார். பசிக்குச் சோறு போடலாம், வெட்கத்துக்கு என்ன போடுவது? அடுத்த நாள் பின்னேரம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் நீலப் புள்ளி, ஒன்றில் சிவப்பு.

மயோனைஸ் அடித்த கையோடு போகாது. ஓர் இரவு ஆறப்போட்டு, காலையில் ருசி பார்ப்பவர் கையெழுத்து வைத்த பிறகுதான் லொறியில் ஏறும். அந்த ஓர் இரவு அவர்களுக்கு வசதியாக இருந்தது. பின்னேரம் கிண்ணங்கள் வீட்டுக்கு வரும். ஞானேஸ்வரி முதலில் மணந்து பார்ப்பாள், பிறகு கரண்டி நுனியை வாயில் வைப்பாள். அவளுடைய தீர்ப்பில் இரண்டே சொற்கள். ஒன்று 'போகலாம்'. மற்றது 'மறியுங்கோ'. காலையில் குலேந்திரன் அதையே டேனிஷில் சொல்லிக் கையெழுத்து வைப்பார். இந்த ஒன்றரை வருடத்தில் அவள் இரண்டு தடவைதான் மறிக்கச் சொன்னாள். இரண்டு தடவையும் அவள் சொன்னது சரி. இரண்டு தடவையும் தொழிற்சாலைத் தலைவர் ஹென்ரிக் குலேந்திரனின் தோளில் தட்டினார்.

அந்த ஏற்பாட்டுக்குள் முதலாவது முள் போன வருடக் கந்தசஷ்டியில் தைத்தது. ஞானேஸ்வரி பெட்டையாக இருந்த நாளிலிருந்து ஆறு நாள் விரதம் பிடிக்கிறவள். ஒரு நேரம் பாலும் பழமும், ஏழாம் நாள் பாறணை. மயோனைஸில் முட்டை. நாலாம் நாள் குலேந்திரன் கெஞ்சினார், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கரண்டி நுனியை வாயில் வைத்தாள். அப்போது டோஸ்ட்ருப்பில் நிரோஜினிக்கு வயிற்றில் மூன்று மாதம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை தங்காமல் போனது. இது நடக்கிறதுதான், யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். ஞானேஸ்வரி தலையாட்டினாள். யாருடைய பிழை என்று அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாததால் அது உள்ளுக்குள் இருந்து அவளைத் தின்றது.

இந்த வருடம் நிரோஜினிக்கு ஏழு மாதம். பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரட்டும், ஆறு நாளும் ஒரு குறையில்லாமல் இருக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துவைத்தாள். விரதம் தொடங்குவதற்கு முதல்நாளே புருஷனிடம் சொல்லிவிட்டாள், லீவு எடுங்கோ என்று. கிறிஸ்மஸ் விருந்துக்காக எல்லாப் பகுதியும் இரண்டு மடங்கு ஓடுகிற நேரம், யார் லீவு தருவான் என்றார் அவர். புளிப்பை அளக்க மெஷின் இருக்கிறது, உப்பும் புளியும் தன் நாக்குக்கும் தெரியும், ஆறு நாள்தானே என்றார். ஆறு நாள்தானே என்று அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் புதன்கிழமை. பழக்கதோஷத்தில் அவர் கிண்ணங்களைக் கொண்டுவந்தார். ஒருவரும் தொடாமல் அவை பிரிட்ஜில் இருந்தன. வியாழக்கிழமை வந்தவற்றை அவர் அவளுக்கு முன்னால் மேசையிலேயே வைத்தார். சிவப்பின் முதல் அடிப்பு என்றார். நீலம் ஓடிய குழாய்களை மருந்து போட்டுக் கழுவிவிட்டு அதே குழாய்களில் சிவப்பு ஓடவிட்டிருக்கிறார்கள். அவசரத்தில் கழுவினவர்கள், அதனால்தான் மனது ஒருமாதிரி இருக்கிறது என்றார்.

"ஞானம், வாயில வைக்க வேண்டாம். ஒருக்கா மணந்தாவது பாரும்."

"மோந்த பூவைச் சாமிக்கு வைக்கிறதில்லை. மணந்தால் என்ன, திண்டால் என்ன? ரண்டும் ஒண்டுதான்."

"மூடியை மட்டும் திறந்து..."

"போன வருசம் நாலாம் நாள். மறந்துபோச்சோ உங்களுக்கு?"

அவர் மறக்கவில்லை. அவள் அதை வைத்து என்ன கணக்குப் போட்டிருக்கிறாள் என்பதுதான் அவருக்கு அன்றைக்கு முதன்முதலாகத் தெரிந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலை மெஷின் காட்டிய புளிப்பைப் பார்த்தார், அளவு சரி. ஒரு கரண்டி வாயில் வைத்தார், புளித்தது. சிவப்பு என்றால் புளிக்கத்தானே வேண்டும்? கையெழுத்து வைத்தார். குழாய் கழுவுகிற மருந்தும் வினாகிரி போலத்தான் மணக்கும், வினாகிரி போலத்தான் புளிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மெஷினால் முடியாது, ஒரு மூக்கால்தான் முடியும். அதற்காகத்தான் அந்தத் தொழிற்சாலை ஓர் ஆளை வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையாட்களுக்குப் புது அடிப்பில் ஆளுக்கு நாலு போத்தல் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் களஞ்சியத்தில் அடுக்கப்பட்டது. திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லொறிகள் கிழக்குப் பாலத்தைத் தாண்டும், சீலண்டின் கடைகளில் கிறிஸ்மஸ் விற்பனை தொடங்கும். குலேந்திரன் நாலு சிவப்பு மூடியோடு வீட்டுக்கு வந்தார். நீல மூடியில் வளர்ந்த நிரோஜினிக்கு இந்த வயிற்றோடு புளிப்பு இல்லாமல் முடியாது. புருஷன் வீட்டுச் சிவப்பு மூடியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டு, சம்பந்தியம்மா ஏதோ போரில் வென்றவர் போல் போனில் சொல்லிச் சிரித்திருந்தார். சனிக்கிழமை, அயலில் இருக்கும் விமலராணியின் கார் டோஸ்ட்ருப்புக்குப் போனது. முட்டை மணம் மூக்கில் படாமல் ஞானேஸ்வரி முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, மூன்று போத்தலைப் பையில் வைத்து, பருத்தித்துறை வடையும் ஒரு பொதி வைத்து, தன் கையாலேயே கொடுத்தனுப்பினாள்.

நாலாவது போத்தலை அவள் தான் பராமரிக்கப் போகும் முதியவர்களில் ஒருவரான இங்கெருக்குக் கொண்டுபோனாள். இங்கெருக்கு எண்பத்தொன்பது வயது. கோபன்ஹேகனில் பிறந்து ஒடென்சேக்குக் கலியாணம் கட்டி வந்தவர். அறுபது வருடம் ஃபூனில் இருந்தும் மயோனைஸில் மட்டும் கோபன்ஹேகன்காரிதான். புருஷன் ஒரு யூலண்ட்காரர். ஒரே பிரிட்ஜில் இரண்டு மூடியும் நாற்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒருநாளும் மாறவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும். எந்தக் கிழமை என்பது மறந்துபோகும். சிவப்பு மூடி மறக்காது.

சனிக்கிழமை மத்தியானம் ஞானேஸ்வரி மாஸ்க்கோடு நின்று கறுப்புப் பாணில் அவித்த முட்டையை வெட்டி வைத்து, மேலே இறாலும், அதற்கு மேலே மயோனைஸும் வைத்துக் கொடுத்தாள். இங்கெர் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். இது எங்களுடையது இல்லை என்றார். அதேதான், மூடியைப் பாருங்கள் என்றாள் ஞானேஸ்வரி. மூடியை ஏன் பார்க்க வேண்டும், எனக்கு வாய் இருக்கிறதே என்றார் அவர். நீச்சல் தடாகத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்றார்.

மறதி வருகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளுவார்கள், இது வேறு, அது வேறு என்பார்கள். அப்போது கோபிக்காமல், பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்க வேண்டும் என்று வேலைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஞானேஸ்வரி அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தாள். பக்கத்தில் இருந்தாள், கையைப் பிடித்தாள், எனக்காக ஒரு வாய் என்றாள். அவளுக்காக இங்கெர் முழுவதையும் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய உதடு சிவந்து வெடித்திருந்தது. காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்ததாகச் சொன்னார். ஞானேஸ்வரி தாதிக்கு அறிவித்தாள், தாதி வந்து வயிற்றுக் கிருமியாக இருக்கலாம் என்றாள். அன்றைக்கும் பாண் வெட்டினாள். அன்றைக்கும் பாதி ஊட்டினாள்.

சைக்கிளில் திரும்பி வரும்போது அவளுக்கு நடுக்கமாக இருந்தது. ஐந்து நாள் பால் குடித்த உடம்பு என்று நினைத்தாள். அப்படி நினைக்க அவள் ஆசைப்பட்டாள்.

திங்கட்கிழமை, ஆறாம் நாள். பத்து மணிக்கு இங்கெரின் வீட்டுக் கதவைத் திறந்தால் கட்டில் காலி. காலமை அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டது, ரத்தமாகச் சத்தி எடுத்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் போன பிறகு ஞானேஸ்வரி குசினிக்குள் தனியாக நின்றாள். பிரிட்ஜைத் துப்புரவாக்க வேண்டும், அது அவளுடைய வேலை. கதவைத் திறந்தாள். மேல்தட்டில் சிவப்பு மூடி.

சரியாகப் பத்து நிமிடம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும், நாளைக்குப் பாறணை. கண்ணை மூடிக்கொண்டால் விரதம் முழுசாக முடியும். முருகனுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், பேரப்பிள்ளை கைக்கு வரும். மூடியைத் திறந்தால் என்ன வரும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறகு, அந்தக் கிழவி கையைப் பிடித்துக்கொண்டு 'உனக்காக' என்று வாயைத் திறந்தது ஞாபகம் வந்தது. ஞானேஸ்வரி மாஸ்க்கைக் கழற்றினாள்.

முதலில் வினாகிரி. அதற்குக் கீழே கடுகு. அதற்கும் கீழே ஆஸ்பத்திரி நடைபாதை கழுவிய மணம். மூக்கை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான போத்தலை மறிக்க முடியாது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். புளித்தது, பிறகு நாக்கின் ஓரம் எரிந்தது, பிறகு இரும்பைச் சூப்பிய மாதிரி இருந்தது. கழுவும் தொட்டியில் துப்பினாள். துப்பினாலும் போனது போனதுதான். ஆளில்லாத அந்தக் குசினியில் நின்று, "மறியுங்கோ" என்று சத்தமாகச் சொன்னாள்.

குலேந்திரனுக்குப் போன் எடுத்தாள். சிவப்பில் குழாய் கழுவிய மருந்து கலந்திருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமையே ஹென்ரிக் பாணில் தடவிச் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தவர், அவர் நீல மூடி ஆள், அதனால்தான் என்று நினைத்துவிட்டேன் என்றார் குலேந்திரன். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஞானம், இண்டைக்குப் போகட்டும். நாளைக்கு ஒரு முறைப்பாடு வந்தது எண்டு சொல்லி நான் மறிக்கிறன். இப்ப மறிச்சால் ஏன் வெள்ளிக்கிழமை மறிக்கேல்லை எண்டு கேப்பாங்கள்."

"இங்கெர் ரத்தமாச் சத்தி எடுத்தவ."

"வயசுபோன ஆளப்பா."

அவள் போனை வைத்துவிட்டாள். முப்பது வருடத்தில் அவர் சொன்னதற்கு மறுமொழி சொல்லாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்ததாக நிரோஜினிக்கு எடுத்தாள். நிரோஜினி வழக்கமாகத் தாய் தமிழில் கேட்பதற்கு டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்குக் குரல் அடைத்திருந்தது. தொண்டை நோகிறது, வயிறும் சரியில்லை, வேலைக்குப் போகவில்லை என்றாள். மயோனைஸ் சாப்பிட்டாயா என்று கேட்டாள் ஞானேஸ்வரி. சாப்பிட்டேனே, ஒரு போத்தல் முடியப்போகிறது என்றாள். பிறகு, தாய்க்கு நன்றாக விளங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழுக்கு மாறினாள்.

"அம்மா, அது ஒருமாதிரி இருந்தது. நான் நேற்று அப்பாவைக் கேட்டனான். அப்பா சொன்னவர், நான்தான் ருசி பாத்தனான், ஒண்டும் இல்லை, சாப்பிடு எண்டு. அப்பான்ர நாக்குப் பிழைக்காதுதானே?"

அப்பாவின் நாக்கு ஆறு நாளாக விரதம் பிடித்துக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது?

"பிள்ளை துடிக்குதோ?"

காலமையிலிருந்து கவனிக்கவில்லை என்றாள் நிரோஜினி. படு, கையை வை என்றாள் தாய். போனுக்குள் எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது, தெருவில் ஒரு பஸ் போனது. ஞானேஸ்வரி முருகனைக் கூப்பிடவில்லை. முட்டை பட்ட வாயால் கூப்பிட அவளுக்குத் துணிவு வரவில்லை.

"ஒருக்கா," என்றாள் நிரோஜினி. "மெல்லமா."

கபிலனை உடனே கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ, போத்தலையும் கையில் கொண்டுபோய்க் காட்டு என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி இங்கெரின் போத்தலைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். பதினொன்றேகால். எதிர்க்காற்று. ஆறு நாள் ஒழுங்காய்ச் சாப்பிடாத கால்கள் மிதித்தன.

தொழிற்சாலை முற்றத்தில் ஐந்து லொறிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. அவள் பராமரிப்பு வேலைச் சட்டையோடு, தலையில் சைக்கிள் தொப்பியோடு, வாசல் மண்டபத்துக்குள் போய், தலைவரைப் பார்க்க வேண்டும் என்றாள். ஹென்ரிக் வந்தார். அவருக்குப் பின்னால் குலேந்திரன் வந்தார். படத்தில் இருந்த அதே மேலங்கி, அதே தொப்பி, சிரிப்புத்தான் இல்லை. அவள் போத்தலை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். இதில் குழாய் கழுவுகிற மருந்து இருக்கிறது என்று டேனிஷில் சொன்னாள். ஹென்ரிக் சிரித்தார். உங்கள் புருஷன் ருசி பார்த்துக் கையெழுத்து வைத்தது என்றார்.

குலேந்திரன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. போன வருடம் நாலாம் நாள் அவள் பார்த்த அதே கெஞ்சல். அன்றைக்கு இரங்கியவள் இன்றைக்கு இரங்கவில்லை.

அவருக்கு மணம் தெரியாது என்றாள். போன வருடம் மாசியிலிருந்து தெரியாது. இந்தப் படத்தில் எழுதியிருக்கிற நாக்கு என்னுடையது. நான் புதன்கிழமையிலிருந்து விரதம். ஆறு நாளாக உங்கள் மயோனைஸை ஒருவரும் ருசி பார்க்கவில்லை.

ஹென்ரிக் குலேந்திரனைத் திரும்பிப் பார்த்தார். குலேந்திரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஹென்ரிக் குனிந்து போத்தலை ஆழமாக மணந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. போனைக் காதில் வைத்தபடி முற்றத்துக்கு ஓடினார். ஒவ்வொன்றாக லொறிகள் அடங்கின.

மண்டபத்தில் இருவர் மட்டும் நின்றார்கள். குலேந்திரன் கேட்டார்.

"விரதம்?"

"முறிஞ்சுபோச்சு."

"நிரோ சாப்பிட்டவளோ?"

"நீங்கள் சாப்பிடச் சொன்னனீங்களாம். கபிலன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறார். பிள்ளை ஒருக்காத் துடிச்சதாம்."

அவர் படத்துக்குக் கீழே இருந்த கதிரையில் மெல்ல இருந்தார். ஞானேஸ்வரி போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் அடிக்கவில்லை.

"இண்டைக்குச் சூரன்போர்," என்றாள், அவரைப் பார்க்காமலே. "மிச்ச விரதத்தை நீங்கள் இருங்கோ. உங்களுக்கு ருசி தெரியாதுதானே, கஷ்டமா இருக்காது."

அன்றைக்கு மத்தியானம் குலேந்திரனின் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை.